ஆமெனுக்குப் பிறகு

குழந்தைசாமி ஜெபிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு டி.வி.யின் சத்தம் குறைந்துவிடும். அந்த வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்பதற்காக ரிமோட்டைத் தேடி எடுப்பார்கள். கனமான, இழுத்துப் பேசும் குரல். கேட்பவர் மனசுக்குள் எதையோ கரைய வைக்கும் குரல்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம் அவர் வீட்டில்தான். மரக்காணத்தில் பெரிய சாலையிலிருந்து உப்பளத்தைப் பார்த்து உள்ளே போகும் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். தவக்காலம் என்பதால் அன்று கூட்டம் அதிகம். கூடத்தில் இடம் போதாமல் சிலர் வாசலில் நின்றார்கள். வர முடியாதவர்களுக்காக ஜெபத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடும்படி அன்பியச் செயலாளர் அனுஷியா கேட்டிருந்தாள். குழந்தைசாமியும் தன் போனை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, பதிவை ஓடவிட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

"இரக்கமுள்ள தகப்பனே! உப்புக் காத்துல கெடக்குற இரும்பு மாதிரி எங்க இதயம் துருப்பிடிச்சுப் போச்சு. அதக் கழட்டி எறிஞ்சிட்டு, புது இதயத்த எங்களுக்குள்ள வையும். அன்பான இதயத்த வையும். பொறுமையான இதயத்த வையும். பழைய மனுஷன் சாகட்டும் ஆண்டவரே! புது மனுஷன் பொறக்கட்டும்!"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஆமென்" என்று எல்லாரும் சொன்னபோது கூடமே அதிர்ந்தது. பிறகு சுண்டலும் சுக்குக் காப்பியும் சுற்றி வந்தன. குழந்தைசாமியின் மனைவி சகாயசெல்விதான் தனியாக எல்லாருக்கும் கொடுத்து முடித்தாள். போகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று, "அண்ணே, இன்னிக்கு ஜெபம் நெஞ்சத் தொட்டுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசி ஆளும் போன பிறகு குழந்தைசாமி தன் பங்குச் சுண்டலை வாயில் போட்டார். அதன் பிறகு அவர் வீட்டில் தினமும் நடப்பது அன்றும் நடந்தது. பேச வேண்டியதைப் பேசிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் போனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "அட, நிறுத்தலியே" என்று நிறுத்தினார். அப்படியே குழுவுக்கு அனுப்பினார். கூடக் கொஞ்சம் என்ன பதிவாகியிருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. வீட்டில் தான் பேசியதெல்லாம் அவர் கணக்கில் பேச்சாகவே இருந்ததில்லை.

குழந்தைசாமி உப்பளத்தில் மேஸ்திரி. பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவதும், உப்பு விளைந்ததும் பெண்களை வைத்து வாரிக் குவிப்பதும், லாரி ஏற்றுவதும் அவர் பொறுப்பு. மறுநாள் காலையில் அவர் சைக்கிளை நிறுத்தியபோது பெண்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள். பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. வழக்கமாக அவர் தலை தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிற பெண்கள் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

"இன்னா இளிப்பு? வேலய பாருங்க, எருமைங்களா!"

அவ்வளவுதான். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். இன்னொருத்தி குந்தியே விட்டாள். எல்லாருக்கும் முன்னால் நின்ற அமராவதி மட்டும் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை.

"மேஸ்திரி, உங்க ஜெபத்த உங்க கூட்டத்து அருள்மேரி போன்ல கேட்டேன். முன்பாதி ரொம்ப நல்லா இருந்துச்சி. அழுதுட்டேன்."

குழந்தைசாமிக்கு முகம் மலர்ந்தது. "அப்படியா?"

"பின்பாதி எங்களுக்குப் பழக்கமானதுதான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் போனை எடுத்தார். அவர் அனுப்பிய பதிவு ஜெபத்தைவிட ரொம்ப நீளமாக இருந்தது. குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரே ஒருவர் மட்டும் கும்பிடும் கையைப் போட்டிருந்தார். அவர் முன்பாதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். குழந்தைசாமி அழிக்கப் பார்த்தார். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. குழுவை நடத்தும் அனுஷியாவுக்குப் போன் போட்டார்.

"அனுஷியா, நேத்து போட்டத அழிச்சிடும்மா. தெரியாம அனுப்பிட்டேன்."

அனுஷியா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கஷ்டமான விஷயத்தை மெதுவாகச் சொல்லிப் பழகியவள்.

"அழிச்சிடலாம் மாமா. நீங்க கேட்டீங்களா அத?"

"நான் பேசினத நானே இன்னா கேக்குறது?"

"கடைசி வரைக்கும் ஒரு தடவ கேட்டுருங்க மாமா. கேட்டுட்டு அழின்னு சொல்லுங்க, அடுத்த நிமிஷம் அழிச்சிடுறேன்."

கோபத்தோடுதான் போனைக் காதில் வைத்தார். முதலில் தன் ஜெபம். கேட்கக் கேட்கக் கோபம் போய், தலைகூட ஆடியது. "ஆமென்." பாத்திரச் சத்தம். வாசலில் விடைபெறும் குரல்கள். கதவு சாத்தும் சத்தம். பிறகு ஒரு குரல் வந்தது. கடுகடுத்த, அருவருப்பான குரல். யார் இந்த ஆள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

"ஏய்! இதுக்குப் பேரு சுண்டலா? வேகவே இல்ல. ஊரே வந்து உட்காந்திருக்குது, என் மானத்த வாங்கறதுக்குன்னே பண்ணியா? அறிவுன்னு ஒண்ணு இருக்குதா உனக்கு? முப்பது வருஷம் சோறு போட்டு ஒரு எருமைய வளத்திருந்தாலும் இந்நேரம் பாலாவது குடுத்திருக்கும். மூஞ்சியப் பாரு. தள்ளு அந்தாண்ட!"

"சரிங்க" என்றது சகாயசெல்வியின் குரல்.

"இன்னா சரிங்க? வாயத் தெறந்தா சரிங்க!"

"சரிங்க."

செருப்புச் சத்தம். கதவு டமாரென்று அடித்துக்கொண்டது. குழந்தைசாமி அந்த மோட்டார் கொட்டகையில் தனியாக நின்றார். காது சுட்டது. அவர் புதிதாக எதையும் பேசிவிடவில்லை. முந்தாநாளும் இப்படித்தான் பேசினார். போன வருஷமும் இப்படித்தான். ஆனால் பேசியபோது அவருக்குத் தன் கோபம் மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது வெளியே நின்று கேட்டபோது, அடி வாங்குகிற பக்கத்தில் நின்று கேட்டது போல இருந்தது.

நிறுத்திவிடலாம் என்றுதான் விரலைக் கொண்டுபோனார். கடைசி வரைக்கும் என்று அனுஷியா சொன்னது நினைவுக்கு வந்தது.

டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது. சகாயசெல்வி ஏதோ முனகிப் பாடினாள். பிறகு திடீரென்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கனமான குரலில் இழுத்தாள்: "இரக்கமுள்ள தகப்பனேஏஏ! வேகாத சுண்டல் மாதிரி எங்க இதயம் கல்லாக் கெடக்குது! அத இன்னொரு விசில் விட்டு எறக்கும் ஆண்டவரேஏஏ!" அப்படியே குழந்தைசாமியின் குரல். அந்த இழுப்பு, நடுவில் மூச்சு வாங்கும் இடம், கடைசியில் குரலை நடுங்கவிடும் அழகு, ஒன்றும் தப்பவில்லை. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி, மூச்சு முட்டச் சிரித்தாள்.

குழந்தைசாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம், கோபம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு சிரிப்பு பீறிட்டது. மோட்டார் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கும் இடத்தில்தான் அது அவருக்கு உறைத்தது. இவள் இப்படிச் சிரிப்பாளா? இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. அவர் செருப்புச் சத்தம் தெருவைத் தாண்டிய பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்பு பிறந்திருக்கிறது.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிரிப்பு அடங்கியது. மாதா சுரூபத்தின் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். குரல் இப்போது போனுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

"மாதாவே, விளையாட்டுக்குப் பேசினேன், கோச்சுக்காத. அவரு இன்னிக்குக் கேட்டாரு பாரு, புது இதயம். அத மட்டும் சீக்கிரமா வாங்கிக் குடுத்துடும்மா. பழசோட என்னால முடியல."

அதற்கு மேல் ஒன்றுமில்லை. விளக்குமாற்றால் கூட்டும் சத்தம் மட்டும்.

குழந்தைசாமி வெகுநேரம் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினார். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய அழகான வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் செல்வியின் கேலிக் குரல் கேட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டார். "ஆண்டவரே, நான் கெட்டவன். என்ன மாத்தும்" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. இந்தத் தடவை அவர் நடுங்கவிடவில்லை, தானாக நடுங்கியது.

அனுஷியாவை மறுபடி கூப்பிட்டார். "அழிச்சிடும்மா. நான் திட்டினது இருந்தா இருந்துட்டுப் போவட்டும். எனக்கு அது வேணும்தான். ஆனா கடைசில அவ பேசினது அவளுக்கும் மாதாவுக்கும் நடுவுல. அத யாரும் கேக்கக் கூடாது."

"சரி மாமா" என்றாள் அனுஷியா. அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தைசாமி ஒரு முடிவோடு போனார். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து 'ஏய்', 'இந்தா', 'அடியே' தவிர வேறு பேர் அவர் வாயில் வந்ததில்லை. வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "செல்வி" என்றார்.

உள்ளிருந்து அவசரமாக வந்த சகாயசெல்வி அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். "யாருங்க வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

"யாரோ கூப்ட்டாங்களே?"

"நான்தான் கூப்ட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லியே. டாக்டர் யாரனா பார்த்தீங்களா? எதனா சொன்னாரா? மறைக்காதீங்க, சொல்லிடுங்க."

"ஒண்ணுமில்ல" என்றார் குழந்தைசாமி. ராத்திரி சாப்பிடும்போது மறுபடி முயற்சி செய்தார். "ரசம் நல்லா இருக்குது."

"இன்னிக்கு ரசம் வெக்கலியே. அது மோர்க்குழம்புங்க."

அவள் அன்று ராத்திரி முழுக்கக் கவலையோடுதான் இருந்தாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பங்குத் தந்தை ஆரோக்கிய பிரபு அவர் மகள் வயதுக்காரர். மண்டியிட்டு வழக்கமான பாவப் பட்டியலைத் தொடங்கிய குழந்தைசாமி பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஃபாதர், இதெல்லாம் சும்மா. நெசமான பாவம் வேற. என் பெஞ்சாதிய நான் மனுஷியா நடத்தல. வேல செய்யிற பொம்பளைங்களையும்தான். கோயில்ல ஒரு வாய், வெளிய ஒரு வாய் வெச்சிருக்கேன்."

ஃபாதர் சொன்னார்: "ஆண்டவரோட மன்னிப்பு உங்களுக்கு இருக்குது. பரிகாரமா ஒண்ணு செய்யிங்க. ஈஸ்டர் வரைக்கும் கூட்டத்துல ஜெபம் பண்ணாதீங்க. வீட்ல அம்மாகிட்ட பேசுங்க. ஒரு நாளைக்கு ஒரு நல்ல வார்த்தையாவது பேசுங்க. அதயே உங்க ஜெபமா ஆண்டவர் ஏத்துக்குவாரு."

உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தால்கூட குழந்தைசாமி சந்தோஷமாக இருந்திருப்பார். "இன்னா பேசுறது ஃபாதர்? எனக்குத் தெரியலியே."

"என்னக் கேட்டா? கல்யாணம் ஆனவரு நீங்கதான."

அடுத்த அன்பியக் கூட்டத்தில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாரும் கேட்டவர்கள்தானே. கூட்டத்துக்கே வர மாட்டார் என்று சிலர் நினைத்திருந்தார்கள். அவர் வந்தார். கடைசியில் உட்கார்ந்தார். "ஈஸ்டர் வரைக்கும் நான் ஜெபிக்க மாட்டேன். ஏன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். அந்த ஆளும் அன்று தன் வீட்டில் மெதுவாகத்தான் பேசினார் என்று பிறகு தெரியவந்தது.

மாற்றம் ஒன்றும் சுலபமாக வந்துவிடவில்லை. ஒரு நாள் காலையில் துண்டு கிடைக்கவில்லை என்று பழைய குரலிலேயே கத்திவிட்டார். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. சைக்கிளை மிதித்துத் தெருமுனை வரைக்கும் போனவர், திருப்பிக்கொண்டு வந்தார். சமையலறை வாசலில் நின்று, "மன்னிச்சிடு செல்வி" என்றார். கையிலிருந்த கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. "வேலைக்கு நேரமாவுது, போங்க" என்றாள். ஆனால் அவர் போன பிறகு வாசலுக்கு வந்து தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் யாரும் எதிர்பார்க்காத மழை வந்தது. மதியம் வரைக்கும் கொளுத்திய வெயில் சட்டென்று மறைந்து, கடல் பக்கத்திலிருந்து கருமேகம் ஓடிவந்தது. வாரிக் குவித்த உப்பெல்லாம் வரப்பில் திறந்து கிடந்தது. மூடுவதற்கான தார்ப்பாயைக் காலையிலேயே எடுத்து வந்து வைக்கும்படி குழந்தைசாமி சொல்லியிருந்தார். பெண்கள் மறந்துவிட்டிருந்தார்கள். தார்ப்பாய் தூரத்துக் கொட்டகையில் இருந்தது. முதல் துளி விழுந்ததும் எல்லாரும் மேஸ்திரியின் வாயைத்தான் பார்த்தார்கள்.

வாய் திறந்தது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வாய் மூடிக்கொண்டது. குழந்தைசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து ஓடினார். அந்த வயதில் அந்த வரப்பில் அவர் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. பெண்களும் பின்னாலேயே ஓடினார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து, உப்பு மேல் போட்டு, கல்லைத் தூக்கி வைத்தார்கள். ஒரு குவியல் பாதி கரைந்துபோனது. மற்றதெல்லாம் தப்பியது. எல்லாரும் நனைந்து கொட்டகையில் ஒதுங்கியபோது அமராவதி முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"மேஸ்திரிக்குப் பல்லு வலியா? வாயே தெறக்கலியே."

கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்க எல்லாரையும் நெறய பேசியிருக்கேன். பேசக் கூடாத பேச்சு. மன்னிச்சிடுங்கம்மா."

பெண்களில் மூத்தவள் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மன்னிப்பெல்லாம் எதுக்கு மேஸ்திரி? பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அது போதும்."

குழந்தைசாமி நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பல வருஷமாக அவர் 'கெழவி' என்றுதான் கூப்பிடுகிறார். "உன் பேரு... உங்க பேரு இன்னாம்மா?"

"விருத்தாம்பாள்."

"விருத்தாம்பாள்" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டு மற்றவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்று நனைந்த உடம்போடு வீட்டுக்குப் போனார். சகாயசெல்வி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துண்டுக்குள் முகம் மறைந்திருந்ததால் பேசத் தைரியம் வந்தது.

"செல்வி, அந்தப் பதிவ நான் கடைசி வரைக்கும் கேட்டேன்."

துவட்டும் கை நின்றது. "எத?"

"நீ என்ன மாதிரியே ஜெபம் பண்ணிக் காட்டினது. அப்புறம் மாதாகிட்ட கேட்டது."

அவள் துண்டை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. திட்டு வரும், திட்டுக்குப் பிறகு வேறு ஏதாவதும் வரும் என்று எதிர்பார்த்து நிற்கிறவளின் நிற்பு அது. அந்த நிற்பைப் பார்த்ததும் குழந்தைசாமிக்குத் தாங்கவில்லை. கூடத்திலேயே, மாதா சுரூபத்துக்கு முன்னால், ஈர வேட்டியோடு மண்டி போட்டார்.

"நீ கேட்டது சரிதான். பழசோட யாராலயும் முடியாது. எனக்கே முடியல. நான் உன்ன எவ்ளோ கொடுமப்படுத்தியிருக்கேன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. மன்னிக்கணும்னு கேக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா கேக்குறேன்."

சகாயசெல்வி அழுதாள். உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பல வருஷத்துக் கதையைச் சொன்னாள். மகள் பிரிசில்லா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் அவர் சொன்ன வார்த்தை. அவள் அப்பா செத்த அன்று சொன்ன வார்த்தை. அவருக்கு அவற்றில் பாதி நினைவே இல்லை. அவள் ஒன்றைக்கூட மறக்கவில்லை. குழந்தைசாமி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடிக்கும்போது வேட்டி உடம்பிலேயே காய்ந்துவிட்டது.

கடைசியில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "மன்னிச்சிட்டேங்க. ஆனா மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் போவும்."

"போவட்டும். நான் இருக்கேன்" என்றார் அவர். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த மாதிரி இன்னொரு தடவ பேசிக் காட்றியா? சுண்டல் ஜெபம்."

"சீ! கேட்டாலாம் வராது" என்றாள். அழுத கண்ணோடு சிரிப்பும் வந்துவிட்டது. அது அவர் முன்னாலேயே வந்தது.

ஈஸ்டர் அன்று வீடு நிறைந்தது. வானூரிலிருந்து மகள் பிரிசில்லாவும் மருமகன் ஜெனிஷும் வந்தார்கள். அனுஷியா வந்தாள். பண்டிகை வாழ்த்துச் சொல்ல அமராவதியும் விருத்தாம்பாளும் பூ வாங்கிக்கொண்டு வந்தவர்கள், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைக்கப்பட்டார்கள். வெங்காயம் நறுக்கியது முதல் கோழி கழுவியது வரைக்கும் குழந்தைசாமியும் சமையலறையில்தான் இருந்தார். பிரிசில்லா இதை நம்பாமல் நாலைந்து தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்குங்க, சேலய மாத்திக்கினு வந்துடுறேன்" என்று சகாயசெல்வி உள்ளே போனாள். குழந்தைசாமி பார்த்துக்கொண்டார்தான். ஆனால் கூடத்தில் அமராவதி மழை அன்று அவர் வரப்பில் ஓடியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவரும் போய் நின்று சிரித்தார். தீய்ந்த வாசனை வந்தபோதுதான் நினைவு வந்தது.

அதற்குள் சகாயசெல்வி அடுப்படிக்கு வந்துவிட்டாள். மூடியைத் திறந்து பார்த்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க! ஒரே ஒரு வேல சொன்னேன். அதக்கூட பார்க்க முடியாதா? அடி பிடிச்சிப் போச்சு! பண்டிக நாளும் அதுவுமா வந்தவங்களுக்கு இன்னா போடுறது? பேச்சு கெடச்சா போதும் உங்களுக்கு!"

பிரிசில்லா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்று. சகாயசெல்விக்கே தான் பேசியது பேசிய பிறகுதான் காதில் விழுந்தது. கரண்டி கையிலேயே நின்றது.

குழந்தைசாமி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவரைத் திட்டியிருக்கிறாள். பயம் போய்விட்டது. அவளுக்குள்ளிருந்த அந்தப் பழைய பயம், அவர் வைத்துவிட்ட பயம், போய்விட்டது. இதைவிடப் பெரிய ஈஸ்டர் அவருக்கு வேறென்ன வேண்டும்?

"ஆமா செல்வி, என் தப்புதான்" என்றார். சொல்லும்போதே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "மேல இருக்குறத மெதுவா எடுத்துப் போடு. அடில இருக்குறத நான் சாப்பிடுறேன்."

அமராவதிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். பிரிசில்லா எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று ஜெனிஷுக்கு விளங்கவில்லை. தாகம் எடுத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவியைப் பார்த்து விரலைச் சொடுக்குகிறவன் அவன். அன்று என்ன தோன்றியதோ, தானே எழுந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்து எல்லாருக்கும் ஊற்றினான்.

இலை போட்டதும் அனுஷியா சொன்னாள். "மாமா, ஈஸ்டர் வந்துடுச்சி. இனிமே நீங்க ஜெபிக்கலாம்."

நீளமான ஜெபம் வரும் என்று எதிர்பார்த்து ஜெனிஷ் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். குழந்தைசாமி கண்ணை மூடினார். சாதாரணக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினார்.

"ஆண்டவரே, கோயில்ல உம்மகிட்ட பேசுற வாயும், வீட்ல பெஞ்சாதிகிட்ட பேசுற வாயும், வேலையில ஏழை எளியவங்ககிட்ட பேசுற வாயும் ஒண்ணுதான். கூட இருக்குறவங்கள நோகடிச்சிட்டு உம்மகிட்ட எவ்ளோ அழகா கேட்டாலும் அது ஜெபம் ஆகாது. இது எனக்குப் புரியறதுக்கு இத்தினி வயசு ஆயிடுச்சி. இங்க உட்காந்திருக்குற புள்ளைங்களுக்கு இப்பவே புரியட்டும். ஆமென்."

"ஆமென்" என்றாள் சகாயசெல்வி எல்லாருக்கும் முந்திக்கொண்டு. "சாப்பிடுங்க, ஆறிப்போவுது."